நூற்றுக்கு நூறு வாங்கிய பள்ளத்தாக்கு

அந்த நவம்பர் முழுக்க பர்மிங்ஹாமில் பனிமூட்டம் கலையவே இல்லை. ஐந்தாம் மாடியில் ரொவீனா டிரான்டரின் மேசையிலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே கால்வாயும் தெரியாது, மேலே வானமும் தெரியாது. நடுவில் ஒரு வெண்மை மட்டும் அசையாமல் நிற்கும். அதற்குள்ளிருந்து எப்போதாவது ஒரு படகின் இயந்திரம் தூக்கத்தில் முனகுவதுபோல ஒலித்துவிட்டு அடங்கும். இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் அலுவலகம், மேகத்தின் மேல் கட்டிவைத்த வீடு போல இருந்தது.

அது குடிநீர் நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையம். குழாய் ஒழுகக்கூடாது, தண்ணீர் நிற்கக்கூடாது, நிறம் மாறக்கூடாது என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதிகள் உண்டு. நன்றாக நடந்துகொண்டால் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். தவறினால் இறக்க வேண்டும். இவை போக, “எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு விதி வேண்டும்” என்று ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனங்கள் விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பங்களைச் சலித்தெடுப்பது ரொவீனாவின் வேலை.

சல்லடையில் நான்கு கண்கள். இது பொது விதியிலேயே அடங்கிவிட்டதா? ஊர்மக்கள் நிஜமாகவே கேட்கிறார்களா? அளந்து பார்க்க முடியுமா? இப்போது செய்வதைவிட மேலாக ஏதாவது செய்ய வைக்குமா? நான்கில் ஒன்றில் சிக்கினாலும் விண்ணப்பம் சாம்பல் நிறக் கோப்புக்குப் போகும். சாம்பல் கோப்புக்குள் போனது மறுபடி வெளியே வந்ததாக யாருக்கும் நினைவில்லை. நாற்பத்துமூன்றில் முப்பத்தொன்று அதற்குள் போயாகிவிட்டது. வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கெடு முடிந்து கதவு மூடும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் கையில் எடுத்தது ஹெஸ்கில் பள்ளத்தாக்கின் விண்ணப்பம். வடக்கே மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன நிறுவனம். குளிர்காலத்தில் குழாய் உறைந்து தண்ணீர் நின்றால், நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், தனியாக இருப்பவர்கள் வீட்டுக்கு ஆறு மணி நேரத்துக்குள் ஓர் ஆள் நேரில் போய்க் கதவைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டும். இதை விதியாக்குங்கள் என்று கேட்டிருந்தார்கள். வரும் வசந்தத்தில் ஹெஸ்கிலை ஒரு பெரிய நிறுவனம் வாங்கிக்கொள்ளப் போகிறது. ஏட்டில் எழுதியிருக்கும் கடமைகளை மட்டுமே தொடர்வோம் என்று வாங்குகிறவர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இது விதியாகாவிட்டால் அடுத்த குளிர்காலத்தில் அந்தக் கதவுகளை யாரும் தட்டப்போவதில்லை.

இணைப்பில் லாரி ஓட்டுநரின் நோட்டுப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருந்தார்கள். ஈரம் பட்டு மை பரவிய எழுத்து. ஓட்டுநர் பெயர் ஆம்ப்ரோஸ்.

‘காலை 7.10. ஃபெல் ரோடு, மூன்றாம் எண். இரண்டு கேன். அடுப்பு மூட்டிக் கொடுத்தேன். 7.40. ஆலைச் சந்து. கதவு திறக்க நேரமாயிற்று, காத்திருந்தேன். தண்ணீரைவிடப் பேச்சுக்குத்தான் தாகம். 8.15. பழைய போஸ்ட்மாஸ்டர் வீடு. நாய் கடித்தது. லேசாகத்தான்.’

படிக்கப் படிக்க ரொவீனாவுக்கு அலுவலகம் மறந்துபோயிற்று. வெள்ளைப் பாதையில் ஒரு லாரி மெதுவாக நகர்கிறது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொரு கதவாக முளைக்கிறது. ஒரு கை தட்டுகிறது. உள்ளே செருப்புச் சத்தம் நெடுநேரம் வந்துகொண்டே இருக்கிறது. ‘கர்த்தரே, இப்படியும் மனிதர்களை வைத்திருக்கிறீரே’ என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் மூன்று கண்களில் விண்ணப்பம் வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான்காவதில் சிக்கியது. ‘கடந்த ஐந்து ஆண்டுகளின் செயல்பாடு’ என்ற கட்டத்தில் ஐந்து முறையும் நூறு சதவீதம் என்று எழுதியிருந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பட்டியலில் அறுபது பேர். தட்டியது அறுபது கதவு.

எதிர் மேசையில் டெஸ்மண்ட் ஆக்ஸ்லி. ரொவீனா எதை ‘சரி’ என்றாலும் அதை ‘இல்லை’ என்று வாதாடிப் பார்ப்பதுதான் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அவன் அப்பாவும் அம்மாவும் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். அவன் பிறந்தது இந்த நகரத்தில்தான்.

“என்ன அம்மணி, பிஸ்கட்டை டீக்குள்ள தொலைச்ச மாதிரி உட்கார்ந்திருக்க?”

“நூத்துக்கு நூறு வாங்கியிருக்காங்க, டெஸ்மண்ட்.”

“அப்ப ஃபெயில்.”

“நல்லது செஞ்சதுக்கா ஃபெயில்?”

“ஏற்கெனவே நூறுன்னா அதுக்கு மேல எங்க போவாங்க? நூத்தி இருபதுக்கா? ஒரு ஆள் வீட்டுக் கதவை ரெண்டு தரம் தட்டுவாங்களா? மேல போக இடமில்லாதவங்களுக்கு விதி எதுக்கு? இது நான் சொல்றது இல்ல, நீ எழுதின கையேடு சொல்லுது. பக்கம் பதினேழு.”

அது உண்மை. பதினேழாம் பக்கத்தை எழுதியவள் அவள்தான். எழுதும்போது ஏமாற்றுக்காரர்களை நினைத்து எழுதினாள். ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதைப் புதிதாகச் செய்வதுபோலக் காட்டிக் கட்டணம் ஏற்றப் பார்ப்பவர்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் ஒரு நாள் ஆம்ப்ரோஸ் என்று ஒருவர் வந்து மாட்டிக்கொள்வார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

“கண்ணை மூடிக்கிட்டு பாஸ் போட்டுடலாமா?” என்றாள், பாதி விளையாட்டாக.

“போடு. அப்புறம் ஞாயித்துக்கிழமை உன் ஜெபக் கூட்டத்துல ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்காரணுமே, அங்க என்ன பண்ணுவ?”

அவள் சிரித்தாள். ஆனால் அன்று மாலை டிராமில் நின்றுகொண்டு வீட்டுக்குப் போகும்போது, மூட்டம் படிந்த கண்ணாடிக்கு அப்பால் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு கதவாகத் தெரிந்தது. திறக்கிறது, மூடுகிறது. ஏறுகிறவர்களின் முகம் தெரியவில்லை.

புதன்கிழமை மதியம் நகரத்துக்குள் இருக்கும், குவேக்கர் கிறிஸ்தவர்களின் ஜெபக் கூடத்துக்கு அவள் வழக்கம்போலப் போனாள். அங்கே பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து அரைமணி நேரம் பேசாமல் காத்திருப்பார்கள். யாருடைய உள்ளத்திலாவது ஒரு சொல் எழுந்தால் அவர் எழுந்து சொல்லலாம். அன்று யாருக்கும் எழவில்லை. வெந்நீர்க் குழாய் மெல்ல டக்டக்கென்றது. மௌனம் ஆழமான கிணறு போல இருந்தது; அதற்குள் அவள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனாள். கீழே அறுபது பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவரும் வயதாகாமல், ஒருவரும் நோய்ப்படாமல், ஒருவரும் போய்ச் சேராமல், படம் பிடித்து வைத்ததுபோல அதே அறுபது பேர்.

மௌனம் முடிந்ததும் செயலாளர் நோயாளிகள் பட்டியலை வாசித்தார். யாரை யார் போய்ப் பார்ப்பது என்று வாரா வாரம் நடக்கும் ஏற்பாடு.

“போன வாரம் பதினாலு பேர். டாரத்தி எழுந்து நடமாட ஆரம்பிச்சுட்டா, கடவுளுக்கு நன்றி. ஹியூ போயிட்டார், உங்களுக்குத் தெரியும். அப்போ பன்னெண்டு. ஆனா பிலிப்பாவுக்கு இடுப்பு முறிஞ்சிருக்கு. பதிமூணு.”

ரொவீனா நிமிர்ந்தாள். உயிருள்ள மனிதர்களின் பட்டியல் அப்படித்தான் இருக்கும். ஏறும், இறங்கும். ஹெஸ்கிலின் பட்டியலில் மட்டும் ஐந்து ஆண்டுகளாக எப்படி அறுபது?

சாண்ட்விச்சைக் கையில் வைத்தபடியே அலுவலகத்துக்குத் திரும்பினாள். நோட்டின் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரங்களில், பட்டியலில் இல்லாத பெயர்கள். ‘திரும்பும்போது, பச்சைக் கூரை வீட்டு அம்மா, இரண்டு பாத்திரம்.’ ‘பள்ளிக்கூடத்துப் பின்னால் ஆக்சிஜன் வைத்திருப்பவர். அலுவலகத்துக்குத் தெரியாது. என் சொந்த நேரம்.’

ஒரு விண்ணப்பத்துக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எழுத்தில்தான் கேட்க வேண்டும். கேள்வியும் பதிலும் ஊரறிய வெளியிடப்படும். பதில் இப்படி வந்தால் நல்லது என்ற சாயல்கூடக் கேள்வியில் இருக்கக்கூடாது. அவள் எழுதியதை டெஸ்மண்ட் வாங்கிப் பார்த்தான்.

“‘பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் அறுபது பேரே இருப்பது ஏன்? நோட்டின் ஓரத்தில் உள்ளவர்கள் யார்?’ இது ரெண்டு கேள்வி. ஒண்ணை வெட்டு.”

“ரெண்டாவதுதானே முக்கியம்?”

“அதுல விரலை நீட்டிக் காட்டுற. முதல் கேள்வி வெறும் கேள்வி. நேர்மையான ஆளா இருந்தா அதுக்கே முழுக்கதையும் வந்துடும். இல்லேன்னா எதைக் கேட்டும் வராது.”

அவள் வெட்டினாள். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தாலும் அதைவிட நல்ல அறிவுரை தனக்குத் தோன்றியிருக்காது என்று நினைத்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை, தலையில் ஏறிவிடும்.

வியாழக்கிழமை பகல் பதினொன்றுக்கு ஹெஸ்கிலிலிருந்து தொலைபேசி வந்தது. லயல் ஹெத்தன் என்று ஓர் இளம் மேலாளர், விண்ணப்பத்தை எழுதியவர். நடைமுறையைப் பற்றி மட்டும் பேசலாம், ஒருவர் கூட இருந்து எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்பது விதி. டெஸ்மண்ட் ஒலிபெருக்கியைத் திறந்து வைத்துப் பேனாவை எடுத்தான்.

“ரொவீனா, உங்க கேள்வி எங்களுக்குச் சரியா புரியலை.”

“திரும்ப வாசிக்கிறேன், லயல். ‘பட்டியலில் ஒவ்வோர் ஆண்டும் அறுபது பேரே இருப்பது ஏன்?’”

“அது... எதுக்காகக் கேக்குறீங்கன்னு...”

“அதை நான் சொல்லக்கூடாது.”

“பதில் சொல்லாம விட்டா?”

“இருக்கிறதை வெச்சு முடிவு பண்ணுவோம்.”

“அது நல்லதா கெட்டதா?”

“அதையும் சொல்லக்கூடாது.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “அங்க மூட்டமா இருக்கா?”

“ஆமா, இந்த மாசம் முழுக்க.”

டெஸ்மண்ட் முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல், ‘11.04. வானிலை பற்றி உரையாடல்’ என்று எழுதினான்.

லயலுக்குப் பின்னால் ஒரு கனமான குரல், எட்டத்திலிருந்து, கேட்டது. “அந்தம்மா என்னதான் கேக்குது?”

“ஆம்ப்ரோஸ், கொஞ்சம் சும்மா இருங்க. ஆணையத்தோட பேசிட்டிருக்கேன்.”

“கேள்வியைச் சொல்லுப்பா.”

லயல் சொன்னார். அந்தக் குரல் சிரித்தது. “இதுல புரியாததுக்கு என்ன இருக்கு? உள்ளதைச் சொல்லு தம்பி.”

“உள்ளதைச் சொன்னா நம்ம பேரு என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?”

“பேரு கெடக்கு. பேரு போய் யாரு கதவைத் தட்டப் போகுது?”

லயல் தொண்டையைச் செருமிக்கொண்டார். “ரொவீனா, கேள்வியை இன்னொரு தரம் வாசிக்க முடியுமா?”

அது இரண்டாம் முறை. ரொவீனா அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லையும் கையில் ஏந்திக் கொடுப்பதுபோல வாசித்தாள். அவளால் சட்டப்படி தரக்கூடிய உதவி அந்த நிதானம் மட்டும்தான். “நன்றி” என்று சொல்லிவிட்டு லயல் வைத்துவிட்டார்.

அதன் பிறகு அந்த நாள் நகரவே இல்லை. மற்ற விண்ணப்பங்களைப் பார்த்தாள். ஒன்றை மேலே அனுப்பினாள், மூன்றைச் சாம்பலில் போட்டாள். மூன்று மணிக்கு ஜன்னலின் வெண்மை மஞ்சளாகி, பிறகு நீலமாயிற்று. விளக்கு வெளிச்சத்தில் மேசைகள் மிதந்தன. இந்த நேரத்தில் அந்த மலையில் ஒரு சின்ன அறைக்குள் ஒருவர் தன்னோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவருக்காக அவள் ஜெபித்தாள். விண்ணப்பம் ஜெயிக்க வேண்டும் என்றல்ல. அப்படிக் கேட்பது நியாயமில்லை. அந்தப் பிள்ளைக்குப் பயம் போகவேண்டும் என்று மட்டும்.

நாலு நாற்பதுக்குப் பதில் வந்தது. டெஸ்மண்ட் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

‘பட்டியலில் அறுபது பேர் இருப்பதற்குக் காரணம், எங்களிடம் இரண்டு லாரிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முப்பது வீட்டுக்கான கேன்களைத்தான் சுமக்கும். ஒருவர் இறந்தால் இன்னொருவரைச் சேர்ப்போம். அதற்கு மேல் சேர்த்ததில்லை. சேர்த்தால் நூறு சதவீதம் வராது. கடைசியாக நான்கு நாள் தண்ணீர் நின்றபோது உதவி தேவைப்பட்டவர்கள் நூற்றெட்டு பேர் என்று ஊர் மருத்துவர் பிறகு எங்களுக்குக் கணக்குக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறோம். பட்டியலில் உள்ள அறுபது கதவுகளைத் தட்டினோம். பட்டியலில் இல்லாத இருபத்திரண்டு கதவுகளை எங்கள் ஓட்டுநர்கள் தங்கள் சொந்த நேரத்தில் தட்டினார்கள். இருபத்தாறு கதவுகளை யாரும் தட்டவில்லை. அந்த வீடுகளில் இருந்தவர்கள் முற்றத்துப் பனியை அள்ளி உருக்கிக் குடித்தார்கள். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.’

டெஸ்மண்ட் ஒரு காகித ஓரத்தில் கணக்குப் போட்டான்: நூற்றெட்டில் எண்பத்திரண்டு. அவன் குரலில் கிண்டல் இல்லை.

“நூறு இல்ல. எழுபத்தாறு.”

“நாளைக்கு இது வெளியில வந்தா எல்லாரும் அவங்களைத் திட்டுவாங்க.”

“திட்டட்டும். இப்ப மேல போக இடம் இருக்கு. இருபத்தாறு கதவு இடம் இருக்கு.” கையேட்டைப் புரட்டினான். “ஆனா நான் எதிர்த்துப் பேசணுமே. என் சம்பளமே அதுக்குத்தான். சரி, இதைக் கேளு. அவங்க நல்லா செஞ்சா கட்டணம் ஏறும். ஏறுற கட்டணத்தை யாரு கட்டுறது? பனி உருக்கிக் குடிச்ச அதே ஆளுங்க.”

“அதையும் எழுதுவோம். ஏத்துறது ரொம்பக் கொஞ்சமா இருக்கணும். தவறினா இறங்குறது நிறைய இருக்கணும்.”

“எழுது. நான் கையெழுத்துப் போடுறேன். இது நான் இந்த வருஷம் தோத்த முதல் வாதம், தெரிஞ்சுக்கோ.”

“தோக்கலை. நீ விட்டுக்கொடுத்த.”

“வெளியில சொல்லாதே. பேரு போயிடும்.”

நாலு ஐம்பத்தாறுக்கு ஹெஸ்கில் விண்ணப்பம் சல்லடையைத் தாண்டி மேலே போயிற்று.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை ரொவீனா மேலங்கியைக் கழற்றுவதற்குள் ஹெஸ்கிலிலிருந்து இன்னொரு கடிதம் வந்து காத்திருந்தது. இம்முறை கேட்பது அவர்கள். நிறுவனங்கள் கேட்கும் கேள்விக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும், அதுவும் வெளியிடப்படும்.

‘விதி ஏட்டில் ஏறினாலும் மதிப்பெண் எண்ணத் தொடங்க ஒன்றரை ஆண்டு ஆகும் என்று தெரியும். எங்கள் ஓட்டுநர் ஆம்ப்ரோஸ் அந்த இருபத்தாறு வீடுகளுக்கும் இப்போதே போய்ப் பெயர் எழுதிக்கொண்டு, கேன்களையும் வைத்துவிட்டு வர விரும்புகிறார். பக்கத்துப் பண்ணையில் மூன்றாவது லாரி ஒன்று இரவல் கிடைத்திருக்கிறது. அப்படிச் செய்தால் நாங்கள் தொடங்கும் இடம் எழுபத்தாறிலிருந்து உயர்ந்துவிடுமா? அதனால் விதி பாதிக்கப்படுமா?’

ரொவீனா நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அலுவலகத்தில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறாள். மதிப்பெண் எண்ணத் தொடங்கும் நாள் வரும்வரை நல்ல காரியத்தைத் தள்ளிப்போட்ட நிறுவனங்களைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குச் செய்தால் கணக்கில் வராது, ஏப்ரலில் செய்தால் வரும் என்று சாமர்த்தியமாகக் காத்திருப்பார்கள். தப்பு என்று யாரும் சொல்லமாட்டார்கள். பொய் சொல்ல அவளுக்கு வழியில்லை. உண்மையைச் சொன்னால் அந்த லாரி நின்றுவிடுமோ என்று பயமாக இருந்தது.

“உள்ளதைச் சொல்லு” என்றான் டெஸ்மண்ட், நேற்றுக் கேட்ட அந்தக் கனத்த குரலை அப்படியே பிடித்து.

அவள் எழுதினாள். ‘ஆம். இப்போதே செய்தால் நீங்கள் தொடங்கும் இடம் உயரும். நூற்றெட்டுக்கும் போய்விட்டால், மேலும் உயர்ந்ததற்காகக் கட்டணம் ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பு உங்களுக்கு இருக்காது. விதி நேற்றே சல்லடையைத் தாண்டிவிட்டதால் அது போகாது. தவறினால் கட்டணம் இறங்கும் என்ற பகுதி அப்படியே நிற்கும். உங்களை வாங்குகிற நிறுவனத்தையும் அது கட்டுப்படுத்தும்.’

அனுப்பினாள். அது இன்னொருவருடைய நஷ்டத்தைத் தன் கையால் எழுதிக் கொடுத்ததுபோல இருந்தது. தேநீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. இரண்டே வரி.

‘நன்றி. ஞாயிறன்று பனி விழும் என்கிறார்கள். உங்கள் பதில் வருவதற்கு முன்பே அவர் கிளம்பிப் போய்விட்டார், நானும் தடுக்கவில்லை. லயல்.’

டெஸ்மண்ட் அதை இரண்டு முறை படித்தான். பிறகு பதிவேட்டை இழுத்து, அவள் சார்பில் அந்த வரிகளை ஏற்றினான். கடைசிக் கட்டத்தில் ‘ஆணையம் எடுக்க வேண்டிய நடவடிக்கை’ என்று இருந்தது.

“என்ன போட?”

“ஒண்ணும் வேண்டாம்னு போடு.”

அவன் போட்டான். ரொவீனா கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். எங்கோ ஒரு மேட்டுப்பாதையில் இரவல் லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறியது. ஒருவர் இறங்கினார். கால் தரையில் வழுக்கியது, சமாளித்துக்கொண்டார். பட்டியலில் இல்லாத ஒரு வீட்டின் கதவை முதல் முறையாகத் தட்டினார். உள்ளே யாரோ, “யாரது, இந்த நேரத்துல?” என்று கேட்டுக்கொண்டே மெல்ல மெல்ல நடந்து வந்தார்கள். ஆம்ப்ரோஸுக்கு அவசரமில்லை. அவர் காத்திருந்தார்.